ஆறாவது இலை

புரட்டாசி மாதம் மகாளய அமாவாசை அன்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்விதான் வரும். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, படையலுக்கு எத்தனை இலைங்க?" என்று அப்பாவைக் கேட்பாள். அப்பா "அஞ்சு" என்பார். எங்கள் குடும்பத்தில் இறந்துபோனவர்கள் என்று அவர் கணக்கில் இருப்பவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஓர் இலை. அதைச் சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் ஆறாவதாக ஓர் இலையை எடுப்பார். துடைப்பார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் படையலுக்குக் கற்பூரம் ஏற்றுவார்.

அந்த ஆறாவது இலை என் பெரியப்பாவுக்கு. அப்பாவுக்கு மூத்தவர் அவர் ஒருவர்தான். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. ஒரு கடிதம் இல்லை, பார்த்ததாகச் சொன்னவரும் இல்லை. இறந்துவிட்டவருக்கு இலை போடாமல் விட்டால் அவரைப் பட்டினி போட்ட பாவம். உயிரோடு இருப்பவருக்குப் போட்டாலோ அதைவிடப் பெரிய பாவம். அறுபது வருடத்துக்கு மேலாக அப்பா இந்த இரண்டு பாவங்களுக்கும் நடுவில் இலையும் கையுமாக நின்றிருக்கிறார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வடை ஆறிப்போகிறதே என்ற கவலைதான் எனக்கு. ஆனால் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த வருடம், இலையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எனக்கும் எம்பது வயசு ஆவப் போவுது. நான் போயிட்டா எனக்கு நீ இலை போட்டுருவ. எங்கண்ணனுக்கு யாரு போடுவா? போடலாமா வேணாமான்னு கேக்கறதுக்குக்கூட ஒரு ஆளு இருக்காது பாரு."

அந்த மாதிரி நேரத்தில் வாய்ச்சவடால் விடுவது என் பழக்கம். "அடுத்த அமாவாசைக்குள்ள கண்டுபுடிச்சிடலாம்பா. என்ன பெரிய விஷயம்!" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதற்கு ஒரு காரணமும் இருந்தது. சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எந்த ஊரிலாவது ஒரு வண்டியில் ஒரு போல்ட் உடைந்தால், அது எந்த ஷிப்டில், எந்த மெஷினில், யார் கையில் உருவானது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது என் வேலை. போல்ட்டையே கண்டுபிடிக்கிறவனுக்குப் பெரியப்பாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமா என்ற திமிர். அடுத்த திங்கட்கிழமையே எக்ஸெல்லில் வம்சாவளி அட்டவணை ஒன்று போட்டேன். முழுப்பெயர், இனிஷியல், தகப்பனார் பெயர், கடைசியாகப் பார்த்த இடம் என்று கட்டங்கள். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "காணாமப் போனது உங்க பெரியப்பாவா, கம்பெனி ஸ்பேர் பார்ட்டா?" என்று கேட்டாள்.

சொந்தக்காரர்களில் வயதானவர்களை ஒரு சுற்று விசாரித்தேன். ஒருவர் பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்தார் என்றார். இன்னொருவர் கோலார் பக்கம் சுரங்கத்தில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். பார்த்தது எப்போது என்று கேட்டால், சொன்னவர் பிறப்பதற்கு முன்னால் வந்து நின்றது கணக்கு. தாசில்தார் ஆபீசில் சர்வே நம்பர் இல்லாமல் பேச்சே இல்லை. பெரியப்பா படித்த பள்ளிக்கூடம், எங்கள் ஊர், காடு எல்லாமே சூளகிரிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு எடுத்த நிலத்துக்குள் போய்விட்டன. எங்கள் பழைய ராகிக் காடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் கேன்டீன் இருக்கிறது. சாம்பார் சுமார்தான்.

இப்படி நாலாப் பக்கமும் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் ஓசூரில் எங்கள் பகுதியில் இருக்கும் கிளை நூலகத்துக்குப் போனேன். தேடுவதற்கு என்றுகூடச் சொல்ல முடியாது. சனிக்கிழமை மதியம் எங்கேயாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்தால் வேலை சொல்வார்கள்.

நூலகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். ஒரே செய்தித்தாளை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாகப் படிக்கிற பெரியவர்கள் இன்னொரு பக்கம். உருப்படியாகச் சுற்றுகிற மின்விசிறி ஒன்றுதான், அதற்குக் கீழே இருந்த நாற்காலியை நான் பிடித்துக்கொண்டேன். என் தலைக்கு மேலே சுவரில் புரவலர்கள் பலகை. நூலகத்துக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் வரிசையாக எழுதியிருக்கும். வேலை எதுவும் இல்லாதபோது அண்ணாந்து அதைப் படிப்பேன். ஒரு டாக்டர், ஒரு மில்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர். கடைசி வரியில் இனிஷியல் இல்லாமல் ஒற்றைப் பெயர் ஒன்று, ஊர் ஆனேக்கல். இனிஷியல்கூட இல்லாத இந்த ஆளுக்கு எங்கள் கம்பெனியில் கேட் பாஸ் கிடைக்காது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். கர்நாடகாவிலிருந்து எல்லை தாண்டி வந்து இங்கே எதற்குப் புரவலர் ஆனார் என்றும் ஒரு தடவை தோன்றியது. அதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை நூலகர் என் எதிரில் வந்து நின்றார். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஓசூர்க் குளிரை இன்னும் மன்னிக்காமல் சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிறவர்.

"என்ன சார், ஃபேன் காத்து வாங்கவா வாறீய, இல்ல எதையும் தேடுதீயளா? எக்ஸெல் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு மோட்டுவளையையே பாக்கீயளே."

சொன்னேன். அந்த இலை விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "பழைய பேப்பரெல்லாம் எடைக்குப் போயிட்டு சார். ஆனா பதிவேடுன்னு ஒண்ணு இருந்தா நாங்க அதை எடைக்குப் போட மாட்டோம். பாத்துருவோம்" என்றார்.

அவர் தேடிய விதத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. என்னிடம் அட்டவணை இருந்தது, அவரிடம் பொறுமை இருந்தது. மாவட்ட நூலகத்துக்குப் போன் போட்டுக் கிருஷ்ணகிரியில் பழைய உறுப்பினர் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டார். பீரோவின் அடித்தட்டிலிருந்து பெங்களூரின் பழைய டெலிபோன் டைரக்டரியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். பெரியப்பாவின் முழுப்பெயரில், எங்கள் தாத்தாவின் பெயர் இனிஷியலாக அமைந்த ஆட்களை நான் விரலால் தேடினேன். நூலகத்துக் கம்ப்யூட்டரில் கர்நாடக வாக்காளர் பட்டியலைத் திறந்து வைத்தார். அது முழுக்கக் கன்னடத்தில் இருந்தது. எனக்குக் கன்னடம் சண்டை போடும் அளவுக்குப் பேச வரும், ஓர் எழுத்து படிக்க வராது.

"அதுக்கென்ன" என்று கன்னட அலமாரியிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஐம்பத்திரண்டு வயதில் யானைப் படத்துக்குக் கீழே எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் பெங்களூர் பஸ்சின் போர்டைப் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு போர்டையும் வாய்விட்டுப் படிக்க, ஒரு பாட்டியம்மா என்னைக் கண்டக்டர் என்று நினைத்து ஏறிக்கொண்டார். பட்டியலில் பெரியப்பாவின் பெயர் இருந்தது. ஆனால் எல்லாம் வயது பொருந்தாத ஆட்கள், அல்லது தகப்பனார் பெயர் பொருந்தாதவர்கள்.

நடுவில் ஒரு தடவை, மாட்டிக்கொண்டார் என்றே நினைத்தேன். நூலகத்துக்கு நன்கொடையாக வந்த புத்தகங்களின் பதிவேட்டில் அதே பெயர், அதே இனிஷியல், ஊர் பர்கூர். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போங்க சார்" என்று நூலகர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி துண்டு, பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு பர்கூர் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டி, திறந்தவரிடம் "பெரியப்பா இருக்காருங்களா?" என்று கேட்டேன். கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை செய்யும் முப்பத்தைந்து வயது இளைஞர் அவர். அந்தப் பெயர் அவருடையதுதான். அவருடைய தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் மூத்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர் வைப்பார்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வந்துகொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? எனக்கே என் தாத்தாவின் பெயர்தான். தெரிந்தும் அசடு வழிந்துகொண்டு நின்றேன். அந்தப் பையன் நல்லவன். ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, "உங்க பெரியப்பா கெடச்சதும் சொல்லுங்கண்ணா" என்று பஸ் ஏற்றிவிட்டான். வேட்டியை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார். என்னோடு யாரும் இறங்கவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினார். எனக்கு என்மேலேயே கோபமாக வந்தது. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிடுங்கியதற்கு நான் சும்மாவே இருந்திருக்கலாம்.

அன்று மாலைதான் அப்பா அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

அவருக்குப் பதினொரு வயது. பெரியப்பாவுக்குப் பதினாறு. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தே போயிருக்கிறார்கள். பெரியப்பா தரகரைப் பார்க்கப் போகும்போது கயிற்றைத் தம்பி கையில் கொடுத்து, "விடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் ஒருவன் குரங்கை வைத்து வித்தை காட்டியிருக்கிறான். குரங்கு குட்டிக்கரணம் போட்டது, அப்பா கை தட்டினார். கை தட்டினால் கயிறு எங்கே இருக்கும்? அவ்வளவு பெரிய சந்தையில் அந்த மாடு போன இடம் தெரியவில்லை. வீட்டில் வந்து பெரியப்பா, "நான்தான் விட்டுட்டேன்" என்று சொன்னார். தாத்தா மாட்டுச் சாட்டையால் விளாசினார். மறுநாள் விடியும்போது பெரியப்பா வீட்டில் இல்லை.

"குரங்கு வித்த பாத்துக்கினு நான் விட்டேன். அடி வாங்குனது அவுரு. வூட்ட வுட்டுப் போனது அவுரு. நான் வாயத் தொறக்கல" என்றார் அப்பா. "இருக்கறாரான்னு தெரிஞ்சா போயிச் சொல்லுவேன். இல்லன்னு தெரிஞ்சா இலை போட்டுட்டு அங்கயாச்சும் சொல்லுவேன்."

எனக்கு அப்பாவைப் பார்க்கவே முடியவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகும் அந்தப் பதினொரு வயதுப் பையன் கயிற்றைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை நூலகரிடம் பர்கூர்க் கதையைச் சொன்னேன். கருவாட்டுக் குழம்பு வரைக்கும் சிரித்தார். மாட்டைப் பற்றிச் சொன்னபோது ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மகன் போலிருக்கிறது. "சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு ராசா" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்தவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எம் மவனுக்கு எங்க மாமனார் பேரு. மாமனார் பேரை நான் எப்படி வாயால சொல்லுவேன்? பொறந்ததுல இருந்து ராசாதான். ஸ்கூல்ல பேரைச் சொல்லிக் கூப்புட்டா அவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

"ஆமா, எங்க வூட்லயும் அப்படித்தான்" என்றேன். என் மகனுக்கு அப்பாவின் பெயர். என் மனைவி ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை, அவனுக்கு வீட்டுப் பெயர் வேறு.

"பெரியப்பாவுக்கும் தாத்தா பேருதானே சார் வச்சிருந்தாவ? அப்ப அவுக அம்மா அவரை என்ன சொல்லிக் கூப்புட்டாவ?"

எட்டு மாதம். டெலிபோன் டைரக்டரி, வாக்காளர் பட்டியல், கன்னட அரிச்சுவடி, பர்கூர் பஸ், எல்லாம் ஆகிவிட்டது. அந்த ஆளை அவர் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவே இல்லை. என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அப்பாவிடம் நான் கேட்டது "முழுப்பெயர், இனிஷியலோட" என்றுதான். அவரும் கேட்டதற்குப் பதில் சொன்னார். மற்றபடி அவர் வாயில் எப்போதும் "எங்கண்ணன்"தான். வீட்டில் யாருமே வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயரில், பதினாறு வயதுப் பையன் வெளியூர் போய் ஏன் பிழைத்திருக்க வேண்டும்? யாராவது பெயரைக் கேட்டால், அம்மா கூப்பிட்ட பெயர்தானே வாயில் வரும்.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா சொன்னார். சாதாரணமான, ஆசையாகக் கூப்பிடுகிற ஒரு பெயர். அதை இங்கே எழுதவில்லை. பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளும் குடும்பம் எங்களுடையது, நான் மட்டும் எதற்கு அதை மாற்றுவது? ஆனால் அன்று போனில் கேட்டதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

நூலகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் தலைக்கு மேலே பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். புரவலர்கள் பலகையின் கடைசி வரி. இனிஷியல் இல்லாத ஒற்றைப் பெயர், ஆனேக்கல்.

"ஒரே பேருல எத்தனையோ ஆளு இருப்பாவ சார்" என்றார் நூலகர். பர்கூருக்குப் பிறகு அவர் உஷாராகிவிட்டார். ஆனால் சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்தார். புரவலர் பதிவேட்டில் முகவரியும் ஒரு போன் நம்பரும் இருந்தன. நான் செல்போனை எடுத்தேன்.

"நம்பரை உங்ககிட்டத் தர முடியாது. நானே பேசுதேன். அவுக சரின்னு சொன்னா நீங்க பேசுங்க." அந்த நிலையிலும் விதியை விடவில்லை அவர்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், கன்னடத்தில். நூலகருக்குக் கன்னடம் சுத்தமாக வராது. "ஹலோ, லைப்ரரி, ஓசூர் லைப்ரரி" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, விதியையும் போனையும் சேர்த்து என் கையில் திணித்தார். ஓசூர் நூலகத்திலிருந்து பேசுகிறோம், புரவலரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். "நிம்ம அப்பா..." என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியவன் நிறுத்திவிட்டேன். இருக்கிறாரா என்று கேட்பதா, இருந்தாரா என்று கேட்பதா? சண்டை போடும் அளவுக்கு வரும் கன்னடம் அந்த ஒரு வார்த்தைக்கு வரவில்லை.

அந்தப் பெண்ணே சொன்னாள். "அப்பா தோட்டதல்லி இத்தாரெ. யாரு மாத்தாடோது?"

அப்பா தோட்டத்தில் இருக்கிறார், பேசுவது யார் என்று கேட்கிறாள். "இத்தாரெ" என்றால் இருக்கிறார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன், கூச்சமில்லாமல். போட்டித் தேர்வுப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன சார் சொல்லுதாவ? என்ன சொல்லுதாவ?" என்று நூலகர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"இருக்காரும்மா" என்றேன்.

பிறகு அந்தப் பெண்ணிடம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவள், "ஒரு நிமிஷம்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஓடிய சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கையிலிருந்த காயை உரித்து முடித்தார். "ஆனேக்கல்லுக்கு மொத பஸ்சு எத்தினி மணிக்கு?" என்றார்.

மறுநாள் பஸ்சில் வழியெல்லாம் அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கன்னட போர்டுகளைப் படித்துக்கொண்டு வந்தேன். பார்டர் எல்லாம் தாண்டி, போய்ச் சேர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரோஜாத் தோட்டம். லுங்கியும் பனியனுமாக, கையில் தண்ணீர் ட்யூபோடு ஒரு கிழவர் எங்களைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"டேய்" என்றார்.

என் அப்பாவை "டேய்" என்று கூப்பிடும் ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. அப்பா ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டார். கையைக்கூடப் பிடிக்கவில்லை, எடுத்த எடுப்பில் பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பது மாதிரி சொன்னார்.

"அண்ணா, மாட்ட வுட்டது நான்தான். உனக்குத் தெரியும். அப்பாகிட்ட நான் சொல்லல. என்ன மன்னிச்சிடு."

பெரியப்பா அவரையே உற்றுப் பார்த்தார்.

"எந்த மாடு?"

"எந்த மாடா? குந்தாரப்பள்ளிச் சந்தையில வுட்டமே, அந்த மாடுண்ணா! அப்பா உன்ன அடிச்சாரே!"

"அப்பா எதுக்குத்தான் அடிக்கல? வாரத்துக்கு ஒருக்கா அடிப்பாரு. இதுக்கு அடிச்சாரு அதுக்கு அடிச்சாருன்னு எனக்கு எங்க நெனப்பு இருக்குது?" என்றார் பெரியப்பா. "நான் போனது பெங்களூருக்கு லாரி ஓட்டக் கத்துக்கறதுக்குடா. ஒரு டிரைவரு கூட்டிக்கினு போறன்னு சொல்லியிருந்தான். அந்த வாரம் இல்லன்னா அடுத்த வாரம் போயிருப்பன்."

அப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். அறுபது வருடத்துக்கு மேலாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க வந்தால், வாங்கிக்கொள்ள வேண்டியவர் இது என்னுடையது இல்லை என்கிறார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. "எந்த மாடுன்னு கேக்கறான் பாரு! எந்த மாடாம்! வெள்ள மாடு, நெத்தியில சுழி, எடது கொம்பு நுனி ஒடஞ்சிருக்கும்!"

பெரியப்பா ட்யூபைக் கீழே போட்டார். "கொம்பு எங்கடா ஒடஞ்சிருந்திச்சி? ரெண்டும் நல்லாத்தான் இருந்திச்சி. கொம்பு ஒடஞ்சது அதுக்கு முன்னாடி இருந்த மாடு."

"பாத்தியா, நெனப்பு இருக்குது பாரு!" என்று அப்பா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் கொம்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே அழுதார்கள். பெரியப்பாவின் மகளும் நானும் செய்வதறியாமல் நின்றோம். அவள் எனக்கு அக்கா முறை என்பதைக் காப்பி கொடுக்கும்போது கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஏன் வரவில்லை என்று அப்பா கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். முதலில் பயம் என்றார் பெரியப்பா. அப்புறம் வெட்கம், அப்புறம் வேலை, கல்யாணம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஊரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். ஊர் இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர். செக்யூரிட்டி, யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டிருக்கிறான்.

"யாரன்னு சொல்லுவன்? திரும்பி வந்து ஓசூர்ல பஸ்ச விட்டுட்டு லைப்ரரியில போயி உக்காந்தன். நன்கொடை குடுத்தா பேரு போடுவாங்கன்னு அங்க எழுதியிருந்தாங்க. எங்கம்மா கூப்புட்ட பேர எழுதி வெச்சா நம்ம வூட்டாளு எவனாச்சும் பாப்பான், அந்தப் பேரு வேற எவனுக்குத் தெரியும்னு நெனச்சன்." அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எவனும் லைப்ரரி பக்கமே போற வழக்கம் இல்ல போலக்குது."

நான் எட்டு மாதமாக அந்தப் பலகைக்கு அடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. நூலகரையும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருட மகாளய அமாவாசைக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார், முதல் பஸ்சில், ஒரு பை நிறைய ரோஜாவோடு. மனைவி வழக்கம்போல எட்டிப் பார்த்து, "மாமா, படையலுக்கு எத்தனை இலைங்க?" என்றாள். "அஞ்சு" என்றார் அப்பா. அவ்வளவுதான். நிற்கவில்லை, எதையும் மடித்து வைக்கவில்லை. கற்பூரம் காட்டினார், காக்காய்க்குச் சோறு வைத்தார். முதல் தடவையாக வடை சூடாக இருக்கும்போதே படையல் முடிந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா யாரையும் பரிமாற விடவில்லை. அவரே ஆறாவது இலையை எடுத்தார், துடைத்தார், கொண்டுபோய்ப் பெரியப்பாவின் முன்னால் விரித்தார். பதற்றத்தில் நுனியை வலது பக்கம் வைத்துவிட்டார்.

பெரியப்பா இலையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேய், நுனி எடப்பக்கம் வரணும்டா. உசுரோடதான இருக்கறன்."

"சரிண்ணா" என்று அப்பா குனிந்து இலையைத் திருப்பி வைத்தார்.